ரவுடியின் திருந்திய பதிப்பு

முதல் வாசிப்பு வாரியத்திலிருந்து கடிதம் வந்தால், ஓவியர் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். படிக்கக் கஷ்டமாக இருக்கும் என்பதால் அல்ல. அவ்வளவு எளிமையாக உலகத்தில் வேறு எந்த அலுவலகமும் கடிதம் எழுதியிருக்காது.

குழந்தைகள் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் புத்தகங்களை வெளியிடுவதுதான் வாரியத்தின் வேலை. முதல் நிலைப் புத்தகத்தில் இருபத்தெட்டுச் சொற்கள்தான் வரலாம். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் அதே உற்சாகத்தில் இன்னொரு விதியையும் சேர்த்துவிட்டுப் போனார்கள். முதல் நிலைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாரியம் எந்தத் தாளை அனுப்பினாலும் அந்த இருபத்தெட்டுச் சொற்களில்தான் அனுப்ப வேண்டும். பாடத்துக்கு இருப்பது போல அடியில் பயிற்சிக் கேள்வி ஒன்றும் இருக்க வேண்டும். கேள்விக்கு மட்டும் சொற்கணக்கில் விலக்கு உண்டு. ஓவியர் வாரியத்துக்குப் படம் வரைகிறவர். அவர் வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண். ஆகவே அன்று வந்த கடிதம் இப்படி இருந்தது:

அப்பா, வா.
நாளை வா.
அப்பா, பூனை பார்.
வா, அப்பா, வா.

பயிற்சி: யார் வர வேண்டும்? (ஒரு சொல்லில் விடை எழுதுக.)

'ஓவியர்' மூன்றாம் நிலைச் சொல். அதனால் பதினொரு வருடமாக வேலை பார்க்கும் இடத்தில் அவருக்கு அப்பா என்று பெயர். கோடிட்ட இடத்தில் 'அப்பா' என்று எழுதி எடுத்து வைத்துக்கொண்டார். விடை எழுதாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"என்னவாம்?" என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

"பூனையப் பத்தி ஏதோ பேசணுமாம்."

பூனை என்றால் அவர்கள் வீட்டுப் பூனைதான். பெயர் ரவுடி. வாரியத்தில் எந்த உயிரையும் கற்பனையாக வரைய முடியாது. முன்பு ஒரு புத்தகத்தில் முயல் செருப்புப் போட்டிருந்ததாம். அதைப் படித்த ஒரு குழந்தை, நிஜ முயல் ஒன்றின் காலை அப்பாவின் செருப்புக்குள் திணித்து முறித்துவிட்டதாம். அன்றிலிருந்து படத்தில் வரும் ஒவ்வொரு பிராணிக்கும் நடமாடுகிற அசல் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு மூல உயிர் என்று பெயர். ஓவியரும் படிவத்தில் 'மூல உயிரின் முகவரி' என்ற இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் எத்தனையோ பூனை இருக்க, சொந்தப் பூனையை எழுதிக் கொடுத்தோமே என்று பிற்பாடு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் வாரியத்துக்காக வரையவில்லை. மகளுக்காக வரைந்தார். வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் முழுதாகப் போயும் ஓர் எழுத்துகூட அவள் தலையில் ஏறவில்லை. "எல்லாம் எறும்பு மாதிரி ஓடுதுப்பா" என்பாள். வருடக் கடைசிப் பரீட்சையிலும் இப்படியே இருந்தால் பின்னறைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லிவிட்டாள். பின்னறை என்பது படிக்க வராத பிள்ளைகள் வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டே பெரியவர்களாகும் அறை. அதற்குள் போன பிள்ளை திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ரவுடி புத்தகம் அச்சாகி வந்த அன்று பொடிசு ஏழாம் பக்கத்தைப் பார்த்தாள். பால் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ரவுடி, மீசையெல்லாம் வெள்ளையாக, எனக்கென்ன தெரியும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்துக்குக் கீழே விரலை வைத்து, "பூ... னை" என்றாள். மனைவி துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓவியருக்கு அன்று சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சிரிப்புதான் வாரியத்துக்குப் புகாராகப் போயிருந்தது.

"உக்காருங்க," என்றார் இயக்குநர். மேசைமேல் புத்தகம் கிடந்தது. "குழந்தைங்க சிரிக்கறாங்களாம்."

தலையாட்டுவதா கூடாதா என்று ஓவியருக்குத் தெரியவில்லை. பாதி ஆட்டினார்.

"எத்தனை பேரு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்துல, ஒரு தகவலும் இல்ல. படிக்கறதுக்குன்னு நேரம் ஒதுக்கியிருக்கோம். அதுல சிரிப்பு எங்கேருந்துங்க வந்துச்சு? நானும் இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். நம்ம புத்தகத்தைப் பாத்து ஒரு குழந்தைகூடச் சிரிச்சதா பதிவு கிடையாது. அந்தப் பேரைக் காப்பாத்தணுமா, வேணாமா?"

"காப்பாத்தணும் சார்."

"ஏழாம் பக்கத்துல பூனை பாலைக் கொட்டுது. நிஜமாவே கொட்டுச்சா?"

"தினமும் கொட்டும் சார்."

"கொட்டுச்சுன்னா அது குற்றம். குற்றம் செஞ்ச உயிரைக் குழந்தைக்குக் காட்டக்கூடாது. கொட்டலன்னா புத்தகத்துல பொய் இருக்கு. பொய்யையும் காட்டக்கூடாது. இதுல எது, நீங்களே சொல்லுங்க."

ஓவியர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "எது சார் நல்லது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சரிபார்ப்புன்னு ஒரு பிரிவு வச்சிருக்கோம்," என்றார் இயக்குநர் பெருமையாக.

சரிபார்ப்பு அலுவலர் புதன்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். கண்டிப்பான அம்மாள். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் வாரியத்து முத்திரை குத்திய பால் கிண்ணம். நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை விரித்து, தையல் மெஷினுக்கு அடியில் படுத்திருந்த ரவுடியைப் பார்த்து, "பூனை, வா," என்றார். ரவுடி ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

"முதல் பக்கத்துல 'பூனை வந்தது'ன்னு இருக்கு. இது வரலையே," என்று எழுதிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் போயிற்று. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஓவியர் பூனையைக் கெஞ்சினார், கொஞ்சினார், வாலைக்கூடத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பொடிசு அந்த அம்மாளின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு ரவுடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் கதைடா இது. மறந்துட்டியா? இரு, நான் படிக்கிறேன்."

முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். 'பூனை வந்தது' என்றாள். மூன்றாம் பக்கத்தில் திக்கினாள், நாலாம் பக்கத்தில் மூச்சு வாங்கினாள். ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் போனாள். அவள் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கதை முடிந்ததும் ரவுடி எழுந்தது. உடம்பை நீட்டி நெளித்தது. மேசைமேல் தாவி ஏறி, முத்திரை குத்திய பாலைப் பார்த்தது, அலுவலரைப் பார்த்தது. பிறகு அவருடைய தேநீரைப் படிவத்தின் மேல் தட்டிவிட்டது.

அலுவலர் அசரவில்லை. புதுப் படிவம் எடுத்து எழுதினார். "பால் கொட்டவில்லை. தேநீர் கொட்டியது. தேநீர் இரண்டாம் நிலைச் சொல்."

"மேடம், பாப்பா படிச்சாளே, கேட்டீங்களா?" என்றார் ஓவியர்.

"குழந்தையைச் சரிபார்க்கறது வேற பிரிவுங்க."

மறுவாரம் முடிவு வந்தது. மூலமும் பிரதியும் ஒத்துப்போகவில்லை. ஆகவே பிரதி திருத்தப்படும். மூலம் அந்தத் திருத்தத்துக்கு ஒத்துப்போகிற வரை வாரியத்திலேயே வைத்துக் கண்காணிக்கப்படும், முப்பது நாள். இதைச் சொல்லிவிட்டு அலுவலர் அம்மாள் சம்மதப் படிவத்தை நீட்டினார். அன்று அவர் கையில் ஒரு சாக்குப் பையும் இருந்தது.

"கையெழுத்துப் போடலன்னா?" என்றாள் மனைவி.

"புத்தகத்தைத் திரும்ப வாங்கிடுவோம். எல்லாப் பள்ளிக்கூடத்துலேருந்தும். உங்க வீட்டுல இருக்கறதையும் சேர்த்து."

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. ஓவியர் மனைவி பக்கம் திரும்பினார். "முப்பது நாள்தானே. புத்தகம் போச்சுன்னா இவ படிப்பே நின்னுடும். அப்புறம் பின்னறைதான்," என்றார் மனைவியிடம். அவள் உள்ளே போய்விட்டாள்.

பொடிசு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கையெழுத்துப் போடலன்னா ரவுடி போகாதாப்பா?"

"போகாது கண்ணு. ஆனா..."

"அப்ப போடாத."

அவர் போட்டார். எத்தனையோ தடவை மக்கர் பண்ணுகிற பேனா அன்று நன்றாக எழுதியது. சாக்குப் பைக்குள் போகும்போது ரவுடி அலுவலரின் கையைப் பிறாண்டியது. அவர் அதையும் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

பத்தே நாளில் திருந்திய பதிப்பு வந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அது வந்ததும் பழைய புத்தகங்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரும்ப வாங்கினார்கள். வீட்டுப் பிரதியையும் வந்து கேட்டு எடுத்துப் போனார்கள். எந்தப் புத்தகம் போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டாரோ அதுவே போயிற்று. திரும்ப வாங்க வந்தவர் ரசீது கொடுத்தார்.

திருந்திய பதிப்பில் கதை இதுதான்: பூனை வந்தது. பூனை படுத்தது. பால் வந்தது. பூனை பால் பார்த்தது. பால் போனது. நல்ல பூனை. பொடிசு அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இது ரவுடி இல்ல," என்று மூடி வைத்தாள். ஆனால் படிப்பதை விடவில்லை. வீட்டுக்குள் எந்தத் தாள் வந்தாலும், பொட்டலம் கட்டி வந்த காகிதமானாலும், அதில் பூனை என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினாள்.

மூல உயிர்களைப் பார்க்க வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி. காகிதக் கிடங்குக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. சாவி வைத்திருந்தவரை எல்லோரும் பூட்டுக்காரர் என்றார்கள். வயதானவர், பேச்சுக் குறைவு. வரிசையாகக் கூண்டுகள். ஒரு காக்கை, ஒரு கோழி, ஒரு ஆட்டுக்குட்டி. எதுவும் சத்தம் போடவில்லை. பாதிக்கு மேல் கூண்டுகள் காலி. காலிக் கூண்டுகளில் 'முழுமையாக ஒத்துப்போனது' என்று அட்டை தொங்கியது.

"அப்படின்னா என்னண்ணே?"

"என்னைக் கேக்காதீங்க தம்பி. நான் வெறும் சாவி."

ரவுடி மூலையில் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். ஓவியர் கூப்பிட்டதும் காது மட்டும் அசைந்தது.

"சாப்பாடு?"

பூட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தினமும் பதினோரு மணிக்கு மேடம் பாலைக் கொண்டாந்து காட்டுவாங்க. அது பாக்கும். எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாலாம் பக்கம், அஞ்சாம் பக்கம்."

"வேற ஒண்ணும் குடுக்கறதில்லையா?"

"புத்தகத்துல வேற சாப்பாடு இல்லையே தம்பி. நான் என் ரொட்டியில ரெண்டு துண்டு போட்டுக்கிட்டிருந்தேன். தண்ணியும் வைப்பேன். கூண்டுல ரொட்டித் தூள் கெடந்ததைக் கண்டுபிடிச்சு எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. இப்ப ரெண்டாவது பூட்டு ஒண்ணு தொங்குது பாருங்க. அந்தச் சாவி மேடம் கிட்ட."

ஓவியர் அனுமதி கேட்காமலேயே இயக்குநர் அறைக்குள் போய் நின்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"சார், பூனையைக் குடுத்துடுங்க. அது செத்துப்போயிடும்."

"பதறாதீங்க. நானே உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டலாம்னு இருந்தேன்," என்றார் இயக்குநர். "ஆறு பக்கத்துல அஞ்சு பக்கம் ஒத்துப்போயிருக்கு. புத்தகத்துல பூனை அமைதியா படுத்திருக்கு. உங்க பூனையும் அமைதியா படுத்திருக்கு. பாலைப் பாக்குது, பாயறதில்ல. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மூலம் நமக்கு அமைஞ்சதே இல்லைங்க."

"பட்டினியால படுத்திருக்கு சார்!"

"காரணம் பாக்கறது நம்ம பிரிவு இல்ல. நாம படத்தோட ஒப்பிடறோம், அவ்வளவுதான்."

கூண்டை உடைத்துவிடலாமா என்றுகூட ஓவியருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் சுபாவம் அப்படியில்லை. விதிக்குள்ளேயே ஒரு சந்து இருக்குமா என்று தேடுகிற சுபாவம். "புத்தகத்துல சாப்பாடு இருந்தா குடுப்பீங்களா சார்?"

"என்ன கேள்வி இது? குடுக்கலன்னாதான் தப்பு. இது எழுத்துக்கு எழுத்து நடக்கற எடம்."

அன்றே உட்கார்ந்து வரைந்தார். புதிதாக ஏழாம் பக்கம். ஒரு மீன், அதை வாயில் கவ்விய ரவுடி, கீழே 'பூனை மீன் தின்றது' என்று மூன்று சொல். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார். 'தின்' பட்டியலில் இருந்தது. 'மீன்' இல்லை. மீனைச் சேர்க்க வேண்டும் என்றால் ஏற்கெனவே உள்ள ஒரு சொல்லை வெளியே அனுப்ப வேண்டும், ஏனென்றால் பட்டியல் எப்போதும் இருபத்தெட்டு. அதற்குச் சொற்குழு கூட வேண்டும்.

சொற்குழு மூன்று தடவை கூடியது. ஓவியர் மூன்று தடவையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கேட்டது. அம்மா எப்படியும் வீட்டில் இருப்பாள், புத்தகத்தில் வேறு எதற்கு, அவளை எடுத்துவிடலாம் என்றார் ஒரு உறுப்பினர். அம்மாவை எடுத்தால் அப்பா மட்டும் தனியாக நிற்பார், குழந்தைகள் காரணம் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். மீன் தண்ணீரில் இருப்பது, தண்ணீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் சேர்ப்பது குழந்தைகளைக் குழப்பும் என்று ஒரு பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். இடையில் அவர்களுக்கு இரண்டு தரம் பலகாரம் போயிற்று. ஓவியர் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்பதாம் நாள் மாலை முடிவெடுத்தார்கள். 'நல்ல' என்ற சொல்லை எடுத்துவிடுவது, அது இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். மீன் சேர்ந்தது.

ஓவியர் சந்தைக்கு ஓடினார். வாங்கியதைக் கொண்டுவந்து நீட்டியபோது அலுவலர் அம்மாள் கிளம்பத் தயாராக இருந்தார். படத்தில் மீனின் தலை இடது பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை இல்ல, நீங்க உள்ள வரக்கூடாது. நான் வைக்கிறேன்."

"இப்பவே வச்சுடுங்க மேடம்."

"காலையில வைக்கிறேன். சரிபார்ப்பு பத்து மணிக்குத்தான்."

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு மீன் சாப்பிடப் போகுது. நாளன்னைக்கு வீட்டுக்கு வந்துடும்," என்றார். பொடிசு குதித்தாள். மனைவி முப்பது நாளுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். தையல் மெஷினுக்கு அடியில் பழைய துணியை மடித்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை தபால்காரர் உறையைக் கொடுத்தபோது வாசலில் நின்றது பொடிசுதான். வாரியத்து முத்திரையைப் பார்த்ததும் அவளே கிழித்துவிட்டாள். உள்ளே பெரிய பெரிய எழுத்து.

"அப்பா, பூனைன்னு போட்டிருக்கு! நானே படிக்கிறேன், நீ சொல்லித் தராத," என்று கத்திக்கொண்டு வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள்.

பூனை வந்தது.
பூனை படுத்தது.
மீன் வந்தது.
பூனை, எழு.
எழு, பூனை, எழு.
பூனை எழவில்லை.

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஐந்தாவது வரியிலேயே மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். செத்தது என்பது ஐந்தாம் நிலைச் சொல். அதை எழுதுவதற்கு வாரியத்துக்கு அனுமதி இல்லை.

பொடிசு தாளைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் ரவுடி எழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அவ்வளவுதானாப்பா?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு தாளை மெதுவாக முன்பக்கம் திருப்பி, அடியில் இருந்ததையும் படித்தாள். அதை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது.

பயிற்சி: பூனை ஏன் எழவில்லை? (ஒரு சொல்லில் விடை எழுதுக.)

"வேணாம் கண்ணு. குடு அதை," என்றார் ஓவியர்.

அவள் கொடுக்கவில்லை. மடியிலிருந்து இறங்கிப் போய் அவருடைய படம் வரைகிற பென்சிலை எடுத்து வந்தாள். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை தாளைத் தூக்கிப் பார்த்தாள். இதுவரை அவள் தானாக ஒரு சொல்லும் எழுதியதில்லை. எழுதி முடித்து, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

கோடிட்ட இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

"சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்டாள்.

ஓவியர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கே கண்ணு," என்றார்.